சக் கிளைனின் வலக்கை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் பாதியைக் கடந்த ஆறு மாதங்களாக 1930-ஆம் ஆண்டின் பிலடெல்ஃபியா பிலீஸ் பேஸ்பால் அணி பிடித்துக்கொண்டிருக்கிறது, மறுபாதியில்தான் சாப்பிடுகிறோம். மூன்று பகடைகள், இருபது முகம் கொண்ட இன்னொரு பகடை, பழைய புள்ளிவிவரங்களிலிருந்து நானே கணக்குப் போட்டு எழுதிய அட்டைகள், ஒரு ஸ்கோர் புத்தகம் ஆகியவையே மொத்தத் தளவாடம். அந்த ஆண்டு பிலீஸ் அணியின் பேட்டிங் சராசரி .315, அதாவது ஆயிரம் அடி வாய்ப்புகளுக்கு 315 ஹிட்கள் (பேட்டரைப் பேஸ் சேர்க்கும் அடிகள்). இப்படி அடித்த அணி 52 ஆட்டங்களில் மட்டும் வென்று, 102 ஆட்டங்களில் தோற்று, எட்டு அணிகள் கொண்ட நேஷனல் லீகில் கடைசி இடத்துக்குப் போனது. எதிரணிகளுக்கு அவர்கள் கொடுத்த ரன்கள் 1,199. பழைய பருவங்களைப் பகடையால் மறுபடி ஆடிப் பார்க்கும் சிமுலேஷன் ஆட்டம் ஆடுகிற எவருக்கும் இப்படியொரு அணி கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது.

ஏப்ரல் மாதத்து ஆட்டம் ஒன்றில் பிலீஸின் பிட்சர் லெஸ் ஸ்வீட்லேண்ட் பந்து வீசிக்கொண்டிருந்தார். வெள்ளைப் பகடையில் ஐந்து விழுந்ததால் பேட்டரின் அட்டையை விட்டுவிட்டு பிட்சரின் அட்டைக்கு வந்தேன். மற்ற இரு பகடைகளின் கூட்டுத்தொகை காட்டிய கட்டத்தில் ‘தரைப்பந்து, ஷார்ட்ஸ்டாப், எக்ஸ்’ என்று இருந்தது. அப்படியென்றால் முடிவு பிட்சரிடமும் இல்லை, பேட்டரிடமும் இல்லை. ஷார்ட்ஸ்டாப்பில், அதாவது இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே, நிற்கும் டாமி தெவனோவின் களத்தடுப்பு ரேட்டிங்கைப் பார்த்து, இருபது முகப் பகடையை உருட்டி, அதற்கான அட்டவணையில் தேட வேண்டும். தெவனோவுக்கு நான் போட்டிருந்த எண் மூன்று. பகடை உருண்டு நின்றது; அட்டவணை அதை ஹிட் என்றது. ரேட்டிங் இரண்டாக இருந்திருந்தால் அதே பந்து அவுட், இன்னிங்ஸ் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் இன்னிங்ஸ் முடியவில்லை. அடுத்து மூன்று ரன்கள் போயின. நான் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்த மூன்று என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எழுதியவன் நான்தான், ஆனால் எதை வைத்து எழுதினேன்?

பள்ளி நாட்களில் வகுப்பின் கடைசி பெஞ்சில் புத்தகக் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இந்தக் கேள்வி வந்திருக்காது. பக்க எண்ணின் கடைசி இலக்கம் ரன், பூஜ்யம் வந்தால் அவுட். அந்த ஆட்டத்தில் களத்தடுப்பாளர் என்று ஒருவர் பிறக்கவே இல்லை. பேஸ்பால் சிமுலேஷனுக்குள் வந்தபோதும் முதல் சில ஆண்டுகள் நான் பேட்டிங் எண்களையே கவனித்தேன். 1930-இல் பிலீஸின் சக் கிளைன் .386 அடித்தார், 250 ஹிட்கள், 40 ஹோம் ரன்கள். இவை நடந்து முடிந்தவை. ஆட்டம் தயாரிப்பவர் இவற்றை அட்டையில் பிரதி எடுத்தால் போதும். களத்தடுப்பு ரேட்டிங் அப்படிப் பிரதி எடுக்கக்கூடியது அன்று. அது ஒருவரின் மதிப்பீடு. அட்டையில் மற்ற எல்லா எண்களும் பதிவேட்டிலிருந்து வர, இந்த ஒன்று மட்டும் தயாரிப்பவரின் மனத்திலிருந்து வருகிறது. கடந்த காலத்தைப் பற்றி அந்த ஆட்டம் எதை நம்புகிறது என்பது இங்கேதான் வெளிப்படும்.

அந்த நம்பிக்கைகள் ஆட்டத்துக்கு ஆட்டம் எவ்வளவு வேறுபடும் என்பதற்குப் புகழ்பெற்ற இரண்டு மேசை ஆட்டங்களே சான்று. பென்சில்வேனியாவின் லேன்காஸ்டரில் ரிச்சர்ட் சைட்ஸ் 1951-இல் வெளியிடத் தொடங்கிய ஏ.பி.பி.ஏ.வின் அடிப்படை ஆட்டத்தில் ஒவ்வொரு வீரருக்கும் அவரது இடத்துக்கேற்ற ஒரு களத்தடுப்பு எண் உண்டு. களத்தில் நிற்கும் ஒன்பது பேரின் எண்களையும் கூட்ட வேண்டும். மொத்தம் 41 அல்லது அதற்கு மேல் என்றால் அணி முதல் தரம், 36 முதல் 40 வரை இரண்டாம் தரம், அதற்குக் கீழே மூன்றாம் தரம். அதன் பிறகு எந்தப் பந்து யாரிடம் போனாலும் அணியின் தரமே முடிவைச் சொல்கிறது. எளிமை என்ற வகையில் இது அழகான ஏற்பாடு. ஒரு ஆட்டத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. உங்கள் அணியின் கூட்டுத்தொகை 38 என்று வைத்துக்கொள்ளுங்கள். எண் 9 உடைய சிறந்த ஷார்ட்ஸ்டாப்பை உட்காரவைத்துவிட்டு எண் 7 உடைய ஒரு அடிதடி ஆசாமியை நிறுத்தினால் தொகை 36 ஆகும், தரம் மாறாது. களத்தடுப்பில் நீங்கள் கொடுத்த விலை சுத்தமாகப் பூஜ்யம். அதே மாற்றத்தை 41-இல் இருக்கும் அணி செய்தால் ஒன்பது பேரும் ஒரே கணத்தில் தரம் தாழ்ந்துபோவார்கள். வலது மூலையில் நிற்கும் வெளிக்கள வீரர் உட்பட.

ஹால் ரிச்மேன் 1961-இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் நேர்மாறான வழியில் போயிற்று. அங்கே பந்து ஒருவரிடம் போகிறது, அவருடைய ரேட்டிங் மட்டுமே பேசுகிறது. ஒன்று என்பது மிகச் சிறந்தவர், எண் கூடக்கூடத் தரம் குறையும். பிட்சரின் அட்டையில் உள்ள 108 வாய்ப்புகளில் 30 இப்படிக் களத்தடுப்பாளர்களுக்கு ஒதுக்கப்பட்டவை. ஷார்ட்ஸ்டாப்புக்கு அதில் 7, செகண்ட் பேஸ்மேனுக்கு 6, மற்றவர்களுக்கு இரண்டும் மூன்றுமாக. பாதி நேரம் பேட்டரின் அட்டைக்குப் போய்விடுவதால், ஷார்ட்ஸ்டாப்பின் ரேட்டிங் கேட்கப்படுவது 216-இல் 7 முறை. ஓர் அணி ஒரு பருவத்தில் ஏறக்குறைய 6,200 பேட்டர்களைச் சந்திக்கிறது என்றால் கணக்கு சுமார் 200 பந்துகளில் வந்து நிற்கும். ஷார்ட்ஸ்டாப் கையாளும் மற்ற நூற்றுக்கணக்கான பந்துகள், யார் நின்றாலும் அவுட் ஆகக்கூடிய சாதாரணப் பந்துகளாக அட்டைகளிலேயே அச்சாகியிருக்கின்றன. இந்தப் பிரிவினையை நான் பெரிதும் மதிக்கிறேன். நல்லவருக்கும் மோசமானவருக்கும் உள்ள வேறுபாடு எல்லாப் பந்துகளிலும் பரவிக் கிடப்பதில்லை, விளிம்பில் இருக்கும் இருநூறு பந்துகளில்தான் இருக்கிறது என்று அந்த ஆட்டம் நம்புகிறது. அந்த இருநூறில் நான்கில் ஒன்று கைமாறினாலும் ஐம்பது ஹிட்கள். ஒரு அவுட் ஹிட்டாக மாறுவதன் விலை ஏறக்குறைய முக்கால் ரன். பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்பது இத்துறையில் எல்லோரும் ஏற்கும் மாற்று விகிதம். அப்படியானால் ஷார்ட்ஸ்டாப் ஒருவரால் மட்டும் கூடவோ குறையவோ நான்கு வெற்றிகள். நடப்போடு ஒத்துப்போகிற அளவுதான் இது.

கணினி ஆட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டாம் டிப்பெட்டின் டயமண்ட் மைண்ட், பந்தை எட்டிப் பிடிக்கும் ஆற்றலை ‘மிகச் சிறப்பு’ முதல் ‘மோசம்’ வரை ஐந்து படிகளாகவும், எர்ரர் (பிடிக்க வேண்டிய பந்தில் நேரும் தவறு) செய்யும் இயல்பை லீக் சராசரியை நூறாக வைத்துத் தனி எண்ணாகவும் பிரிக்கிறது. அவுட் ஆஃப் தி பார்க் என்ற ஆட்டம் வீச்சு (எட்டிப் பிடிக்கும் பரப்பு), எர்ரர், கைவலிமை, இரட்டை அவுட் (ஒரே பந்தில் இருவர் அவுட்) என்று இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறது. நுணுக்கம் கூடினால் உண்மை கூடும் என்று அவசியமில்லை. தவறான ஓர் எண்ணை நான்காகப் பிரித்தால் நான்கு தவறான எண்கள் கிடைக்கும்.

நான் உண்மையில் வழுக்கி விழுந்தது வேறோர் இடத்தில். பிலீஸின் 1,199 ரன்களுக்கு யார் பொறுப்பு? அணியின் மொத்த இ.ஆர்.ஏ., அதாவது எர்ரர்களால் வந்தவற்றைக் கழித்துவிட்டு ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர்கள் தம் பொறுப்பில் கொடுத்த ரன்கள், 6.71. ஸ்வீட்லேண்டுக்கு 7.71, கிளாட் வில்லோபிக்கு 7.59. நான் இந்த எண்களை அப்படியே பிட்சர்களின் அட்டைகளில் ஏற்றினேன். பிறகு, இத்தனை ஹிட்களை விட்ட அணியின் களத்தடுப்பு மோசமாகத்தானே இருந்திருக்க வேண்டும் என்று எண்ணி, களத்தில் நின்றவர்களுக்கு மூன்றும் நான்குமாக ரேட்டிங் எழுதினேன். இருபது ஆட்டங்களுக்குள் எதிரணிகளின் ரன் கணக்கு நிஜ பிலீஸையே நாணவைக்கும் வேகத்தில் ஏறியது. காரணம் வெளிப்படையானது, ஆனால் எனக்குப் புரிய நேரம் எடுத்தது. 7.71 என்ற எண்ணுக்குள்ளேயே மோசமான களத்தடுப்பு ஏற்கெனவே இருக்கிறது. தெவனோ எட்டாமல் விட்ட பந்து 1930-இல் ஸ்வீட்லேண்டின் கணக்கில்தான் ஹிட்டாக எழுதப்பட்டது. அதை ஒருமுறை பிட்சரின் அட்டையிலும், மறுமுறை ஷார்ட்ஸ்டாப்பின் ரேட்டிங்கிலும் நான் வசூலித்துக்கொண்டிருந்தேன்.

இதே பிழை எதிர்த்திசையிலும் நடக்கும், அங்கே அது கண்ணுக்குத் தெரியாது. 1906-ஆம் ஆண்டின் சிகாகோ கப்ஸ் அணி 116 ஆட்டங்களை வென்று 36-இல் மட்டும் தோற்றது. டிங்கர், எவர்ஸ், சான்ஸ் என்ற உள்கள மூவரும், 1.04 இ.ஆர்.ஏ. வைத்திருந்த மோர்டெக்காய் பிரவுனும் அந்த அணியில் இருந்தார்கள். அணியின் மொத்த இ.ஆர்.ஏ. 1.75. இதை எல்லாம் பிட்சர்களின் திறமை என்று அட்டையில் ஏற்றிவிட்டு, புகழைக் கேட்டு டிங்கருக்கும் எவர்ஸுக்கும் ஒன்று என்ற ரேட்டிங்கையும் கொடுத்தால், எதிரணிகள் ரன் எடுப்பதையே மறந்துவிடும். கப்ஸ் எப்படியும் வெல்கிற அணி என்பதால் 116-க்குப் பதில் 122 வந்தாலும் ஆடுகிறவர் சந்தேகப்பட மாட்டார். பகடையின் தயவு என்று விட்டுவிடுவார். மோசமான அணி செய்யும் உதவி இதுதான்: தயாரித்தவனின் தவறு அங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை.

பிட்சர் எவ்வளவு, களத்தடுப்பாளர் எவ்வளவு என்ற பாகப்பிரிவினையில் 2001-ஆம் ஆண்டு ஒரு பெரிய திருப்பம் வந்தது. வோரோஸ் மெக்ராக்கென் என்பவர், ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட்), வாக் (நான்கு தவறான பந்துகளால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்குப் போவது), ஹோம் ரன் ஆகியவற்றைத் தவிர, களத்துக்குள் அடிக்கப்பட்ட பந்து ஹிட்டாவதும் அவுட்டாவதும் பிட்சரின் கையில் மிகக் குறைவாகவே இருக்கிறது என்று எழுதினார். பின்னர் வந்தவர்கள் அதைச் சற்றுத் தளர்த்தினார்கள் என்றாலும் அடிப்படை நின்றது. அட்டை எழுதுகிறவனுக்கு இதன் பொருள் தெளிவு: முதலில் அணி முழுவதுக்குமான ஹிட்களை எடுத்து, அதில் களத்தடுப்பின் பங்கையும் மைதானத்தின் பங்கையும் கழித்து, மிச்சத்தை மட்டுமே பிட்சரின் அட்டையில் எழுத வேண்டும். நான் மே மாதம் முழுவதும் உட்கார்ந்து பதினோரு பிட்சர் அட்டைகளைத் திருத்தினேன். வீட்டில் இதை வேலை என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் களத்தடுப்பின் பங்கு எவ்வளவு என்று எப்படித் தெரியும்? பழைய பதிவேடுகள் கொடுப்பது புட்அவுட் (அவுட்டைத் தானே முடிப்பது), அசிஸ்ட் (எறிந்து அவுட்டுக்கு உதவுவது), எர்ரர் என்ற மூன்றையும், இவற்றிலிருந்து கணக்கிடும் களத்தடுப்புச் சதவீதத்தையும் (எர்ரர் இல்லாமல் கையாண்ட வாய்ப்புகளின் விகிதம்)தான். அந்தச் சதவீதத்தை நம்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஷார்ட்ஸ்டாப்பில் ஆஸி ஸ்மித்தின் வாழ்நாள் சதவீதம் .978. டெரெக் ஜீட்டருடையது .976. ஆயிரத்தில் இரண்டு என்ற அந்த இடைவெளியை வைத்து ரேட்டிங் எழுதினால் இருவருக்கும் ஒரே எண் கிடைக்கும். ஆனால் 1980-இல் ஸ்மித் 621 அசிஸ்ட்கள் செய்து, 1924-இல் கிளென் ரைட் வைத்த 601 என்ற சாதனையை முறியடித்தார். ஜீட்டர் எந்த ஆண்டிலும் ஐந்நூறைத் தொட்டதில்லை. எட்டாத பந்துக்கு எர்ரர் கிடையாது. மெதுவாக நகர்பவரின் சதவீதம் அதனாலேயே சுத்தமாக இருக்கும். பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் 1970-களில் எர்ரரை ஒதுக்கிவிட்டு, ஓர் ஆட்டத்துக்கு எத்தனை அவுட்களில் ஒருவர் பங்கெடுத்தார் என்று எண்ணத் தொடங்கியது இதனால்தான்.

அந்த எண்ணிக்கையும் முழுமையானதன்று. ஆட்டம் எவ்வளவு மோசமாகப் போனாலும் ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸில் இருபத்தேழு அவுட்தான். உலகத்தின் மிக மோசமான களத்தடுப்பு அணியும் அந்த இருபத்தேழை எடுத்துத்தான் தீரும். ஆகவே புட்அவுட்களை எண்ணினால் நல்ல அணிக்கும் கெட்ட அணிக்கும் மொத்தம் ஒன்றுதான். யாருக்கு எத்தனை போயிற்று என்பது மட்டுமே மாறும். அது பிட்சர்களைப் பொறுத்தது. ரிச்சி ஆஷ்பர்ன் 1951-இல் சென்டர் ஃபீல்டில் 538 புட்அவுட்கள் எடுத்தார். அவர் வேகமானவர், சிறந்தவர், ஐயமில்லை. ஆனால் அவருக்கு முன்னால் பந்து வீசிக்கொண்டிருந்தவர்களில் முதல்வர் ராபின் ராபர்ட்ஸ். அவருடைய பந்துகளைப் பேட்டர்கள் வானத்தை நோக்கி அடித்தார்கள். இரட்டை அவுட்டும் அப்படியே. 1949-இல் பிலடெல்ஃபியா அத்லெடிக்ஸ் 217 இரட்டை அவுட்கள் எடுத்தது சாதனை. அதற்கு முதல் பேஸில் எப்போதும் ஒருவர் நின்றுகொண்டிருக்க வேண்டும், அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதில் பிட்சர்கள் கொடுத்த ‘வாக்’களுக்குப் பெரும் பங்குண்டு. இன்னொன்று: 1920-களில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக மூன்று ஸ்ட்ரைக்அவுட்கூட ஆகாது, இப்போது எட்டைத் தாண்டுகிறது. கிளென் ரைட்டின் 601-ஐயும் இன்றைய ஒருவரின் எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமாகாது.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் நான் சக் கிளைனிடம் வந்தேன். 1930-இல் வலது வெளிக்களத்திலிருந்து கிளைன் செய்த அசிஸ்ட்கள் 44. இருபதாம் நூற்றாண்டு தொடங்கியதற்குப் பிறகு வேறெந்த வெளிக்கள வீரரும் ஒரு பருவத்தில் அதைத் தாண்டியதில்லை. நாற்பத்துநான்கு ஓட்டக்காரர்களை எறிந்தே வீழ்த்தியவர் என்று பார்த்ததும், நான் யோசிக்காமல் அவர் அட்டையில் கைவலிமைக்குக் கழித்தல் ஐந்து என்று எழுதினேன். கழித்தல் குறிக்குப் பின்னால் எண் பெரிதாக இருந்தால் கை அவ்வளவு வலிது. ஓட்டக்காரரின் வேக எண்ணிலிருந்து அதைக் கழித்து, இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பதின்மூன்று என்ற சராசரிக்கு மேற்பட்ட ஓட்டக்காரர்கூட எட்டுக்கு இறங்கிவிடுவார். கைவலிமைக்குப் பேர்போன ரோபெர்டோ கிளமெண்டேவுக்குக் கொடுக்க வேண்டிய எண் அது.

பிலீஸின் மைதானமான பேக்கர் பவுலின் வலது மூலை, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து வெறும் 280 அடி. அங்கே தகரம் அடித்த ஓர் உயரமான சுவர் நின்றது. மற்ற மைதானங்களில் வலது வெளிக்கள வீரர் நிற்கும் தொலைவில் இங்கே சுவர் வந்துவிடும். ஆகவே கிளைன் செகண்ட் பேஸுக்குச் சற்றே பின்னால் என்று சொல்லத்தக்க இடத்தில் நின்றார், சுவரில் மோதித் திரும்பும் பந்துகளை எடுத்துக் குறுகிய தூரம் எறிந்தார். போதாக்குறைக்கு அவருடைய பிட்சர்கள் பேஸ்களை எப்போதும் ஆட்களால் நிரப்பி வைத்திருந்தார்கள். வீழ்த்துவதற்கு ஓட்டக்காரர்கள் வேண்டும்; பிலீஸைப்போல் யாரும் ஓட்டக்காரர்களை உற்பத்தி செய்யவில்லை. நாற்பத்துநான்கில் கிளைனின் வலக்கைக்கு எவ்வளவு, தகரச் சுவருக்கு எவ்வளவு, ஸ்வீட்லேண்டுக்கும் வில்லோபிக்கும் எவ்வளவு?

அசிஸ்ட் எண்ணிக்கையில் இன்னொரு வஞ்சகமும் உண்டு. கை மிக வலிது என்று பெயர் பரவிவிட்டால் ஓட்டக்காரர்கள் ஓடுவதையே நிறுத்திவிடுவார்கள். அப்போது அசிஸ்ட் குறையும், கை அப்படியே இருக்கும். அப்படிப் பெயர் பரவிய பிறகும் கிளமெண்டே ஐந்து ஆண்டுகளில் நேஷனல் லீக் வெளிக்கள வீரர்களில் அதிக அசிஸ்ட் செய்தார் என்பது வேறு கதை. எதிர்ப்பக்கத்தில் ட்ரிஸ் ஸ்பீக்கர்: 1909-இலும் 1912-இலும் சென்டர் ஃபீல்டிலிருந்து முப்பத்தைந்து முப்பத்தைந்து அசிஸ்ட்கள். பந்து மந்தமாக இருந்த அக்காலத்தில் தலைக்கு மேல் அடிக்கப்படும் அச்சம் குறைவு என்பதால் அவர் உள்களத்தை ஒட்டியே நின்றார். அவர் காலத்துக்கு நாற்பது ஆண்டுகள் பிந்திய ஓர் ஆட்டத்தில் அதே கைவலிமை எண்ணோடு அவரை நிறுத்தினால், அந்த எண் நிற்கும் இடத்தை மறந்துவிடுகிறது.

இங்கே ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். களத்தடுப்பு ரேட்டிங்கைப் பொறுத்தவரை நான் நம்பும் ஒரே சோதனை இது. ஒரு பருவத்தை அப்படியே மறுபடி ஆடி, வெற்றி தோல்விக் கணக்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்பதால் ரேட்டிங் சரியா என்பது தெரியாது. பிட்சரின் அட்டை கடுமையாகவும் ஷார்ட்ஸ்டாப்பின் ரேட்டிங் தாராளமாகவும் இருந்தால் இரு தவறுகளும் ஒன்றையொன்று ஈடுகட்டி, மொத்தம் சரியாக வந்துவிடும். வீரரை இடம் மாற்ற வேண்டும். கிளைனை எடுத்து விசாலமான வெளிக்களம் உள்ள வேறோர் அணியில் நிறுத்துங்கள். பிரவுனை எடுத்து எவர்ஸும் டிங்கரும் இல்லாத அணியில் பந்து வீசச் சொல்லுங்கள். அங்கே அவர் செய்வது நம்பத்தக்கதாக இருந்தால் பாகப்பிரிவினை ஒழுங்காக நடந்திருக்கிறது. என் கிளைன் அங்கே எறிந்தே ஒரு பருவத்தை வெல்லப் பார்த்தார்.

பதிவேடு குழப்பினால் புகழை நம்பலாமே என்பார்கள். சிறந்த களத்தடுப்பாளர்களுக்கான கோல்ட் குளோவ் விருது 1957-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய காலத்துக்குச் செய்தித்தாள்களின் புகழுரைகள்தான் மிச்சம். விருது வந்த பிறகும் நிலைமை தேறிவிடவில்லை. 1999-இல் ரஃபேல் பல்மெய்ரோ வெறும் 28 ஆட்டங்களில் மட்டும் முதல் பேஸில் நின்று, மற்ற ஆட்டங்களில் பெரும்பாலும் பேட்டை மட்டும் பிடித்துக்கொண்டு, முதல் பேஸ்மேனுக்கான கோல்ட் குளோவை வாங்கினார். ஜீட்டரிடம் அந்த விருது ஐந்து இருக்கிறது. நான் ஆடிப் பார்த்த ஒரு கணினி ஆட்டம், பெயர் வேண்டாம், பழைய வீரர்களின் வீச்சை விருதுகளை வைத்தே கணக்கிட்டதோ என்று ஐயுறும் வண்ணம் நடந்துகொண்டது. விருது இல்லாத காலத்து ஷார்ட்ஸ்டாப்கள் அனைவரும் அதில் ஒரே சாயலில் இருந்தார்கள்.

எர்ரர்கள் வேறு வகைத் தலைவலி. அங்கே கேள்வி ஆளைப் பற்றியதன்று, காலத்தைப் பற்றியது. 1903-இல் கிளீவ்லேண்டின் ஷார்ட்ஸ்டாப் ஜான் காக்னர் 98 எர்ரர்கள் செய்தார், அடித்ததோ .185. 2013-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி முழுவதும் சேர்ந்து பருவம் முழுக்கச் செய்தது 54. காக்னர் மோசமானவர்தான், ஆனால் ஓரியோல்ஸ் அணியைவிட அத்தனை மடங்கு மோசமானவர் என்று சொல்ல முடியாது. அவர் கையில் இருந்தது உள்ளங்கையைக் காக்கும் தோல் திண்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தோல்வலை கோத்த கையுறையை, செயின்ட் லூயிஸ் பிட்சர் பில் டோக்கின் யோசனைப்படி 1919-20 வாக்கில்தான் செய்தார்கள். மேடுபள்ளமான தரையும், அழுக்கேறி மங்கிய பந்தும் வேறு.

காக்னரை இன்றைய எர்ரர் அளவுக்குச் சுருக்கிவிட்டால் என்ன நட்டம் என்று கேட்டால், விடை மீண்டும் 1906 கப்ஸிடம் இருக்கிறது. அந்த அணி கொடுத்த மொத்த ரன்கள் 381. இ.ஆர்.ஏ. 1.75 என்றால் பிட்சர்களின் பொறுப்பில் சுமார் 270. மிச்சம் நூற்றுக்கும் மேல் எர்ரர்களின் வழியாக வந்தவை, அதுவும் அக்காலத்தின் மிகச் சிறந்த களத்தடுப்பு அணிகளில் ஒன்றுக்கு. எர்ரர்களைக் குறைத்துவிட்டு இ.ஆர்.ஏ.வை மட்டும் சரியாக வைத்தால், அக்காலத்து ரன்களில் கால் பங்குக்கு மேல் ஆவியாகிவிடும். ஒரு ரன்னுக்காகத் தியாக அடி அடித்து, எதிரணியின் கை நடுங்கும் என்று நம்பித் திருடி ஓடிய அந்த ஆட்டத்தின் நடையே காணாமல் போகும். ஆகவே எர்ரர் ரேட்டிங் அவரவர் காலத்துச் சராசரிக்கு ஒப்பாகவே இருக்க வேண்டும், காலத்தின் சராசரி அட்டவணையில் தனியாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. டயமண்ட் மைண்டின் நூறு என்ற சராசரி எண்ணம் எனக்குப் பிடிப்பது இதனால்தான். அக்காலத்து ஷார்ட்ஸ்டாப் ஹோனஸ் வாக்னரின் களத்தடுப்புச் சதவீதமான .940-ஐ ஸ்மித்தின் .978-க்குப் பக்கத்தில் வைத்துச் சிரிப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ரேட்டிங்கின் கனம் குறைவாக இருந்தால் இன்னொரு விதத்திலும் வரலாறு கோணும். புரூக்ளினின் கேட்சர் பில் பெர்கன் 1909-இல் அடித்தது .139, வாழ்நாள் சராசரி .170. இப்படி அடிப்பவரைப் பதினோரு ஆண்டுகள் பெரிய லீகில் வைத்திருந்தார்கள் என்றால், பிளேட்டுக்குப் பின்னால் அவர் செய்தது அவ்வளவு மதிப்புடையது என்று அவருடைய மேலாளர்கள் நம்பினார்கள் என்று பொருள். பால்டிமோரின் மார்க் பெலாஞ்சர் .228 அடித்துக்கொண்டே எட்டு கோல்ட் குளோவ் வாங்கினார். களத்தடுப்புக்கு உரிய எடை இல்லாத ஆட்டத்தில் இவர்களை யாரும் களத்தில் இறக்க மாட்டார்கள். கணினி மேலாளரும் மாட்டார், நானும் மாட்டேன். எதிர்முனையில் டிக் ஸ்டூவர்ட் இருக்கிறார்: 1963-இல் பாஸ்டனுக்காக 42 ஹோம் ரன்கள், 118 ரன்களுக்கு வழி, முதல் பேஸில் 29 எர்ரர்கள். ஒவ்வொரு முறை பந்து அவரை நோக்கிப் போகும்போதும் மேலாளருக்கு வயிற்றைக் கலக்க வேண்டும். கலக்காவிட்டால் அவர் வெறும் 42 ஹோம் ரன் அட்டைதான்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் கிளைனின் அட்டையை எடுத்து, கழித்தல் ஐந்தை அழித்துவிட்டு கழித்தல் இரண்டு என்று எழுதினேன். சுவருக்கு உரியதை பேக்கர் பவுலின் தாளில் தனி விதியாகச் சேர்த்தேன்: இங்கே வலது வெளிக்களத்துக்குப் போகும் ஹிட்டில் ஓட்டக்காரரின் எண்ணிலிருந்து இன்னும் மூன்றைக் கழிக்க வேண்டும், எந்த அணியின் வீரர் நின்றாலும். உள்ளூர் ஆட்டங்களில் கிளைன் முன்போலவே மிரட்டுகிறார். வெளியூர் போனால் நல்ல கை உடைய ஒரு வலது வெளிக்கள வீரர், அவ்வளவுதான். தெவனோவின் மூன்றை மட்டும் இன்னும் தொடவில்லை. நேற்றிரவு ஸ்வீட்லேண்ட் வீசினார். வெள்ளைப் பகடையில் ஐந்து, அதே கட்டம், அதே ‘ஷார்ட்ஸ்டாப், எக்ஸ்’. இருபது முகப் பகடை மேசை விளிம்பைத் தாண்டி ரசப் பாத்திரத்தின் அடியில் போய் நின்றது. குனிந்து பார்த்தேன், அவுட்.